பெக்கப் இல்லாத சேர்வரும் பெற்றோர் வைத்திருந்த றிப்போட்டும்

மூன்று கிழமையாகப் போன் எடுத்தாலும் பதில் இல்லை, வாட்ஸ்அப்பிலும் ஆளைக் காணவில்லை என்று குறைப்பட்ட எல்லாருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுப் போகிறவர்கள் கடைசிப் பந்தியையாவது வாசித்துவிட்டுப் போங்கள், அதில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறோம்.

எங்கள் பாடசாலையில் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றி, தேர்ச்சி அறிக்கையை அதிலிருந்தே அச்செடுக்கும் வழக்கம் ஐந்தாறு வருடமாக இருக்கிறது. அலுவலக மூலையில் ஒரு பழைய கொம்பியூட்டர். அதற்குச் சேர்வர் என்று பெரிய பெயர். ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாஸ்வேர்ட்டோடு போய்த் தங்கள் பாடத்தின் புள்ளியைப் போடுவார்கள். கூட்டுத்தொகை, சராசரி, வகுப்பில் எத்தனையாம் நிலை எல்லாவற்றையும் அது தானே கணக்குப் பார்த்து அறிக்கையாகத் தரும். முன்பு ஒவ்வொரு தவணை முடிவிலும் வகுப்பாசிரியர்மார் கல்குலேட்டரும் கையுமாக இரவிரவாகக் கண் விழித்த காலம் உண்டு. அந்தத் தொல்லை போனதில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் புள்ளி இடாப்பைக் கையால் எழுதுகிற பழக்கமும் பலரிடம் மெல்லப் போய்விட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் மூன்று தரம் போய் வந்தது. யு.பி.எஸ். பெட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது. மூன்றாவது தரம் கரண்ட் வந்தபோது கொம்பியூட்டர் எழும்பியது, ஆனால் உள்ளே இருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் எழும்பவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வேறு.

"பெக்கப் இருக்குத்தானே?" என்று அதிபர் கேட்டார். இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். இதைப் பூட்டித் தந்த கடையில் 'ஒவ்வொரு நாளும் தானாகப் பெக்கப் எடுக்கும்' என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். எடுத்துத்தான் இருக்கிறது. எங்கே? 'டி' டிரைவில். சி, டி என்று இரண்டு எழுத்துத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். ஒரே அலுமாரியின் மேல்தட்டில் பணத்தையும் கீழ்த்தட்டில் அதே பணத்தின் கணக்கையும் வைத்துவிட்டு, கள்ளன் அலுமாரியோடு தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அதுகூட கடைசியாக எழுதியது இரண்டு வருடத்துக்கு முதல். பிறகு இடம் நிறைந்து நின்றுவிட்டது. நின்றதை யாருக்கும் சொல்ல அதற்கு வாய் இல்லை.

பார்க்க வந்த தம்பி நல்ல பிள்ளை. "சேர், ஒருக்காப் போர்மட் அடிச்சு விண்டோஸைத் திருப்பிப் போட்டா எல்லாம் சரிவரும்" என்றார். கொம்பியூட்டர் சரிவரும், உண்மைதான். புள்ளிகள் வராது. நாங்கள் நால்வர், எங்கள் ஐ.சி.டி. மிஸ், இரண்டு வகுப்பாசிரியர்கள், கணிதம் படிப்பிக்கிற இந்தப் பதிவை எழுதுகிற ஆள், அன்றைக்குச் செய்த ஒரே புத்தியான காரியம் வயரைப் பிடுங்கியதுதான். இனி அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதப்படக் கூடாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் போனிலோ லப்டொப்பிலோ நாளைக்கு இது நடக்கலாம். ஒரு பைல் அழிந்தாலும் அதன் எழுத்துகள் உடனே டிஸ்க்கை விட்டுப் போவதில்லை. 'இந்த இடம் காலி' என்ற குறிப்புத்தான் முதலில் விழும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். (இப்போதைய எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் அப்படியில்லை, அவை காலி என்று குறித்த இடத்தைத் தாங்களே துப்புரவாக்கிவிடும். எங்களுடையது பழைய டிஸ்க் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.) பதற்றத்தில் திரும்பத் திரும்ப 'ஓன்' பண்ணுவது, மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்குவது, போர்மட் பண்ணுவது எல்லாமே தடயத்தின் மேல் நடந்து போவதுதான்.

அடுத்த வேலை பிரதி எடுப்பது. பழுதான டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் போட்ட இன்னொரு கொம்பியூட்டரில் கொழுவி, டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். அது கெட்டிக்காரப் பிள்ளை சோதனை எழுதுகிற மாதிரி வேலை செய்யும். தெரிந்த கேள்விகளை முதலில் செய்து முடித்துவிட்டு, கஷ்டமானதுக்குப் பிறகு திரும்பி வரும். எதை வாசித்தோம், எதை விட்டோம் என்று ஒரு குறிப்பும் வைத்திருக்கும். 500 ஜி.பி. டிஸ்க். ஒரு இரவும் அடுத்த பகலும் போனது. அந்தப் பகல் முழுக்க ஸ்டாஃப் றூமில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை, ஏதோ வாட்டில் ஆள் கிடக்கிற மாதிரி.

பிரதி வந்ததும், அந்தப் பிரதிக்கு இன்னொரு பிரதி. அதிலே மட்டும்தான் கை வைத்தோம். மைஎஸ்கியூஎல்லுக்கு 'ஃபோர்ஸ் ரிக்கவரி' என்று ஒரு அமைப்பு உண்டு, 1 முதல் 6 வரை. இலக்கம் கூடக் கூட, அது தன் வழக்கமான சரிபார்ப்புகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு 'என்னவும் இருக்கட்டும், கதவைத் திறக்கிறேன்' என்று எழும்பும். 4க்கோ அதற்கு மேலோ போனால் தரவே நிரந்தரமாகக் கெடலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. பிரதியில் வேலை செய்ய வேண்டும் என்று அடம்பிடித்ததும் அதனால்தான். 1இல் எழும்பவில்லை. 2இல் எழும்பவில்லை. 3இல் எழும்பியது. மிஸ் கதிரையை விட்டு எழும்பியே நின்றுவிட்டார்.

எல்லாம் வரவில்லை. இந்தத் தரவுத்தளம் எழுத்துகளை 16 கிலோபைட் கொண்ட 'பக்கங்களாக' வைக்கும். புள்ளி அட்டவணையில் இரண்டு பக்கங்கள் செத்துப் போயிருந்தன. கேட்கச் சின்ன விசயம். ஆனால் ஆசிரியர்கள் வகுப்பு வகுப்பாகப் புள்ளி ஏற்றுவதால், பக்கத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கூட்டமாகப் போய்விட்டார்கள். எண்ணிப் பார்த்தோம்: 371 புள்ளிகள். அநேகமாக ஒரு முழு வகுப்பின் ஒரு தவணை.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை. தகப்பன் மேசன் வேலை. வெளியூர் அமைப்பொன்றின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள், கடைசி ஆறு தவணைக்கான தேர்ச்சி அறிக்கை மாத முடிவுக்குள் வேண்டும். அவளிடம் இருந்த தாள்கள் போன மாரியில் கூரை ஒழுகி ஊறிப்போனவை. "ஸ்கூலில கொம்பியூட்டரில இருக்கும்தானே சேர்" என்று வந்து நின்றாள். எங்களுக்கு 371 என்பது அன்றைக்குத்தான் எண்ணிக்கையாக இல்லாமல் ஒரு ஆளாகத் தெரிந்தது.

இது ஒரு சின்னப் பாடசாலையின் பொறுப்பில்லாத்தனம் என்று நினைப்பீர்கள். எங்கள் நாட்டு அரசாங்கத்தின் கதை தெரியுமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினியில் இருந்த மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று பூட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள். பெக்கப் இருந்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்பில் தொடுப்பில் இருந்ததால், வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டியது. எங்கள் 'டி' டிரைவ் கதைதான், அளவு மட்டும் பெரிது. சேவையைச் சில மணித்தியாலங்களில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. பாவித்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் காசும் முடிவும் இழுபட்டுக்கொண்டே போனதாக அதை நடத்திய முகவரகமே சொன்னது. அதற்குப் பிறகுதான் தொடுப்பில்லாத பெக்கப்பை நாளாந்தம் எடுக்கும் ஏற்பாடு பற்றிப் பேசினார்கள். அதற்கு இரண்டு வருடம் முதல், 2021 யூலையில், இதே அரச மேகக்கணினியில் இருந்த மருந்துப் பதிவுத் தரவு அழிந்து, விசயம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. மருந்துகளைப் பதிந்து அனுமதிக்கும் அதிகாரசபையின் தரவு அது. இரண்டு வருடத்தில் பாடம் படித்தார்களா என்பதை நீங்களே பாருங்கள்.

பணக்கார நாடுகளும் தப்பவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரச தரவு நிலையம் ஒன்றில் பெட்டரி தீப்பிடித்து, அரச ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்து வைத்த 858 டெராபைட் எரிந்து போனது. மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளிப் பெக்கப் வைக்கவில்லையாம். பெரிது என்பதற்காக ஒருவர் வீட்டைப் பூட்டாமல் போவாரா?

இதில் எங்களுக்குப் பிடித்த கதை வேறொன்று. கிட்லாப் என்ற நிறுவனம், மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைக்கிற இடம். 2017 ஜனவரி 31இல் அவர்களின் பொறியியலாளர் ஒருவர், இரண்டாவது சேர்வர் என்று நினைத்து முதன்மைச் சேர்வரின் தரவை அழித்துவிட்டார். 300 ஜி.பி.யில் மிஞ்சியது நாலரை ஜி.பி. அவர்களிடம் ஐந்து விதமான பெக்கப் ஏற்பாடு இருந்தது. அவசரத்துக்கு ஒன்றுமே கைகொடுக்கவில்லை. நாளாந்தப் பெக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் கனகாலமாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டேன்' என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களை அவர்களின் மின்னஞ்சல் சேவையே ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கிறது. காப்பாற்றியது என்ன? அதே பொறியியலாளர் ஆறு மணித்தியாலம் முன்பு வேறொரு பரிசோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதி. மீட்கும் வேலையை ஒளிக்காமல் யூடியூப்பில் நேரடியாகக் காட்டினார்கள். அந்த ஆறு மணித்தியாலத்தில் எழுதப்பட்டவை போனது போனதுதான்.

டோய் ஸ்டோரி 2 படத்துக்கும் இதுதான் நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பவில்லை. 1998இல் யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் பைல்கள் மளமளவென்று அழிந்தன, பெக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையால் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்.

இந்தக் கதைகளை வாசித்தபோது எங்களுக்கு வந்த யோசனை இதுதான்: இனி டிஸ்க்கைத் தட்டிக்கொண்டிருந்து பிரயோசனம் இல்லை, தற்செயலாக யாருடைய வீட்டில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

எங்கள் குடும்பங்களுக்கு இது புதிது இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை விட்டு எங்கள் பெற்றோர் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பத்திரம் என்று பெட்டியோடு விட்டுவந்தவை எத்தனை. எங்கள் வாப்பா புத்தளத்து முகாமில் இருந்தபடி, உறுதி இல்லாமல் காணியை எப்படி எங்களுடையது என்பேன் என்று வருடக்கணக்காகப் புலம்பினார். பிறகுதான் ஒரு சட்டத்தரணி சொன்னார், நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது ஒன்றை மட்டும் எழுதுவதில்லை. மூலம் சொந்தக்காரர் கைக்கு. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு. இன்னொன்று நொத்தாரிசின் சொந்தக் கோவையில். மூன்று ஆள், மூன்று இடம். இந்தக் காலத்துக் கொம்பியூட்டர்காரர்கள் 'மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியிடத்தில்' என்று பாடம் எடுக்கிறார்களே, அதை எங்கள் நொத்தாரிசுமார் மைப்பேனையால் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். வாப்பாவுக்குப் பதிவகப் பிரதி கிடைத்தது. காணி கிடைக்க எடுத்த காலம் வேறு கதை, அதை இன்னொரு நாளைக்கு எழுதுவோம்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு 1981ஐ நினைக்காமல் இதைப் பேசவும் முடியாது. எரிந்த நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள். அச்சுப் புத்தகமென்றால் இன்னொரு பிரதி சென்னையிலோ லண்டனிலோ யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியிலோ இருக்க இடமுண்டு. ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிக்கு அந்த இடமும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஊர் ஊராகப் போய்ப் பழைய தாள்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றுவதன் அருமை எங்களுக்கு இப்போது கூடுதலாக விளங்குகிறது.

சரி, 371க்கு வருவோம். அந்த வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டோம்: அந்தத் தவணை றிப்போட் வைத்திருக்கிறவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டு நாளில் 19 பேர் அனுப்பினார்கள். தின்னவேலிச் சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு அம்மா படம் எடுக்கத் தெரியாமல் நேரிலேயே கொண்டு வந்தார். முதலாம் வகுப்பிலிருந்து ஒரு றிப்போட்டும் விடாமல், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வருட ஒழுங்கில். "கொம்பியூட்டரில இருக்கெண்டு நீங்கள் சொன்னியள்தான் சேர். எண்டாலும் நான் வைச்சிருந்தன்" என்றார். எங்கள் ஊரின் மிகச் சிறந்த தரவுத்தள நிர்வாகி அவர்தான்.

மிச்சப் பிள்ளைகளுக்கு, வகுப்பாசிரியர் தன் போனில் எடுத்து வைத்திருந்த ஒரு படம் உதவியது. வகுப்பு முழுவதின் புள்ளிப் பட்டியல். ஆனால் மின்குமிழ் வெளிச்சம் தாளில் பட்டு, ஒரு நிரல் வெள்ளையாகிவிட்டது. கணிதப் புள்ளி இருந்த நிரல். அங்கேதான் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கூட்டுத்தொகை தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது பாடம், கூட்டுத்தொகை 612, தெரிகிற எட்டின் கூட்டு 541, ஆகவே மறைந்தது 71. பட்டியலின் அடியில் கணிதத்துக்கான வகுப்புச் சராசரியும் இருந்தது. கண்டுபிடித்த புள்ளிகளையும் றிப்போட்டில் இருந்தவற்றையும் கூட்டிப் பிள்ளைகளின் தொகையால் பிரித்தோம். சராசரி தசமம் தப்பாமல் பொருந்தியது. பெரிய சேர்வர்களில் ஒரு டிஸ்க் செத்தால் மற்ற டிஸ்க்குகளை வைத்து அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுக்கும் முறையும் இதே கழித்தல்தான். 'இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கைக்கு எதுக்கு சேர்' என்று கேட்கிற தரம் 9 மாணவர்களை அழைத்துக் கரும்பலகையில் செய்து காட்டினோம்.

மேசன் வேலை செய்பவரின் மகளின் வரியும் அந்தப் படத்தில் இருந்தது. அவளுடைய ஆறாவது அறிக்கையை அதிபர் கையெழுத்து வைத்து, மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கக் கொடுத்தோம். முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் ஒரு விவாதமும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சித்திரமோ நாடகமோ ஒரு பாடப்புள்ளி எந்த வழியிலும் கிடைக்கவில்லை. அவர்கள் நடுத்தவணையில் வேறு பாடசாலையிலிருந்து வந்தவர்கள், அந்தப் பட்டியலில் அவர்களின் வரியே இல்லை. 'முந்தின தவணைப் புள்ளியைப் போட்டுவிடுவோம், யார் பார்க்கப் போகிறார்கள்' என்று ஒரு கருத்து வந்தது. நல்லெண்ணத்தில் வந்த கருத்துத்தான். நாங்கள் சம்மதிக்கவில்லை. டிஸ்க் தின்றது போனது, ஆனால் நாங்கள் எங்கள் கையால் எழுதும் ஒரு பொய்ப்புள்ளி உண்மையான 370ஐயும் சந்தேகத்துக்கு ஆளாக்கும். அதிபரும் எங்கள் பக்கம் நின்றார். அந்த இடங்களைக் காலியாக விட்டு, 'பதிவு கிடைக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்து வைத்தோம். மற்றவற்றிலும் எது தரவுத்தளத்திலிருந்து வந்தது, எது றிப்போட்டிலிருந்து வந்தது, எது கழித்தலில் வந்தது என்று தனி நிரலில் குறித்திருக்கிறோம்.

இப்போது இரண்டு வெளி டிஸ்க் வாங்கியிருக்கிறது. ஒன்று அதிபரின் அலுமாரியில், ஒன்று பாடசாலைக்கு வெளியே. வெள்ளிக்கிழமை தோறும் மாறும், எழுதி முடிந்ததும் வயர் கழற்றப்படும். தவணைக்கு ஒருமுறை அந்தப் பெக்கப்பை எடுத்துப் பழைய லப்டொப் ஒன்றில் உண்மையாகவே திறந்து, ஏதாவது பத்துப் பிள்ளைகளின் றிப்போட்டை அச்செடுத்துப் பார்ப்பது என்று முடிவு. முதலாவது பரிசோதனை போன வெள்ளி நடந்தது, இருபது நிமிடத்தில் திறந்தது. யு.பி.எஸ்.ஸுக்குப் புதுப் பெட்டரி வந்துவிட்டது. புள்ளி இடாப்பும் மீண்டும் கையால்தான். அதற்கு முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும்.

இனி உங்கள் உதவி. இன்னும் 14 புள்ளிகள் காலியாக இருக்கின்றன. 2023இல் எங்கள் பாடசாலையில் தரம் 8இல் படித்த பிள்ளைகளின் இரண்டாம் தவணை றிப்போட் யாரிடமாவது இருந்தால், கசங்கியதோ கிழிந்ததோ பரவாயில்லை, பாடசாலை நாளில் காலை எட்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே படம் எடுத்துவிட்டுத் தாளை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். ஊரை விட்டு வெளிநாடு போனவர்கள், பெட்டியடியில் ஒருக்காத் தேடிப் பாருங்கள். இருந்தால் பிள்ளையின் பெயரும் புள்ளிகளும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து, இங்கே பொதுவில் போடாமல் இன்பொக்ஸில் அனுப்புங்கள்.